நாடு கொந்தளிக்கும்போது "தேவன் நடத்துகிறார்" என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

கேள்வி: 2022 ஏப்ரல் 3, ஞாயிறு, காலை 9.40

ஊரடங்கு. சபைக்குப் போக முடியாது. வாட்ஸ்அப், முகநூல் எதுவும் திறக்கவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். நேற்றிரவு எங்கள் போதகர் ஐயா எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பியிருந்தார்: "கலங்காதிருங்கள், தேவன் நம்மை நடத்துகிறார்." வாசித்ததும் ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வியாழன் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அன்றிரவு மிரிஹானையில் ஜனாதிபதி வீட்டுப் பக்கம் சனம் திரண்டது. மறுநாள் அவசரகாலச் சட்டம். காஸ் இல்லை, பால்மா இல்லை, அப்பா டீசல் லைனில் இரண்டு இரவு படுத்தெழும்பினார். எங்கே நடத்துகிறார்? எப்படித் தெரியும்? வசனம் அனுப்ப வேண்டாம், வசனம் எனக்கும் தெரியும். கலவரத்துக்குள் இருந்து வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 3, காலை 11.15

தம்பி, நான் தெஹிவளையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். 83-ல், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, எனக்குப் பத்து வயது.

அப்போதும் இதே தெஹிவளைதான், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. ஜூலை 25, திங்கட்கிழமை. வேலைக்குப் போன அப்பா மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்து, வெள்ளவத்தைப் பக்கம் ஒரே புகை என்றார். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள் என்ற கதை அவருக்கு முன்பே எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. அம்மா எங்களை உட்கார வைத்து ஜெபம்பண்ணினார். ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, பின்கதவில் தட்டும் சத்தம். மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள அன்ரி. "பிள்ளைகளைக் கொண்டு வாங்கோ" என்றார். ஐந்து பேரும் மதிலேறி அவர்கள் வீட்டு ஸ்டோர் அறைக்குள் போனோம். அரிசி மூட்டை, உரிக்காத தேங்காய், மூடி போட்ட தையல் மெஷின். நான்கு நாள் அதற்குள்தான். அவர்களுடைய மகனுக்குப் பதினான்கு வயது. படலையில் நின்று சுவரில் பந்து அடித்து விளையாடிக்கொண்டே இருப்பான். பந்துச் சத்தம் நின்றால் நாங்கள் மூச்சுக்கூட விடக்கூடாது, அதுதான் ஏற்பாடு.

அந்த அறையில் அன்ரி எங்களுக்கு ஒரு சொல் படிப்பித்தார். "பால்திய". வாளிக்குச் சிங்களம். 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற 'ப' வர வேண்டும். தமிழ் வாயில் அது இறுகி, 'பல்' என்று சொல்லும்போது வருகிற 'ப' ஆகிவிடும். றோட்டில் மறித்தவர்கள் இதைச் சொல்லச் சொல்லித்தான் ஆளைப் பிரித்தார்கள். என் தம்பிக்கு ஆறு வயது, அவனுக்கு வரவேயில்லை. எத்தனையோ தரம் சொல்ல வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இவன் ஊமை என்று சொல்கிறேன், நீ வாயே திறக்காதே" என்று அவன் உதட்டில் விரல் வைத்தார்.

எங்கள் வீடு எரிந்தது. நாங்கள் ஐந்து பேரும் உயிரோடு இருந்தோம். பிறகு இரத்மலானை விமான நிலையத்து முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. இந்தச் சாட்சியைச் சபையில் பத்துப் பதினைந்து தரம் சொல்லியிருக்கிறேன். எதை வைத்து என்று கேட்டீர்கள். எனக்கு அந்தத் தட்டல் சத்தத்தை வைத்துத்தான்.

ஏப்ரல் 3, மாலை 6.30

உங்கள் பதிலைப் பார்த்தேன். "கதவு தட்டப்படாத வீட்டுக்காரரும் ஜெபம்பண்ணியிருப்பார்கள்தானே?" ஓம், பண்ணியிருப்பார்கள். யோசித்துவிட்டு எழுதுகிறேன். போனில் சார்ஜ் இல்லை.

ஏப்ரல் 4

கண்டியிலிருந்து ஒருவர் நியாயாதிபதிகள் 12-ஐ ஞாபகப்படுத்தியிருக்கிறார். யோர்தான் துறையில் "ஷிபோலேத்" சொல்லச் சொன்னார்கள், எப்பிராயீமர் வாயில் அது "சிபோலேத்" என்று வந்தது, 42,000 பேர் விழுந்தார்கள். ஓய்வுநாள் பாடசாலையில் இதை வேத வினாவிடையில் ஒரு கேள்வியாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். நான் ஒருநாளும் கொடுக்கவில்லை. அந்த அதிகாரத்தைத் திறந்தால் எனக்குத் தேங்காயும் தையல் மெஷினும்தான் கண்ணுக்குள் வரும்.

ஏப்ரல் 6

ரோமர் 13-ஐ மூன்று பேர் போட்டிருக்கிறீர்கள். மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும், ஆகவே விசுவாசிகள் றோட்டுக்கு இறங்கக் கூடாது, வீட்டிலிருந்து ஜெபிக்க வேண்டும் என்று. அதிகாரத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் ஜெபிக்கிறேன், பெயர் சொல்லியே ஜெபிக்கிறேன். ஆனால் அதே வேதத்தில் சிப்பிராளும் பூவாளும் இருக்கிறார்கள். ஆண் குழந்தைகளைக் கொல் என்று ராஜா சொன்னான், மருத்துவச்சிகள் கேட்கவில்லை, தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. எங்களை ஸ்டோர் அறையில் வைத்திருந்த அன்ரிக்கு வேதமும் தெரியாது, பூவாளும் தெரியாது, அவர் பௌத்தர். செய்தது அந்த வேலைதான்.

ஏப்ரல் 10, குருத்தோலை ஞாயிறு

மகன் நேற்றுக் காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போனான். 22 வயது. "போகாதே" என்று நான் கதவில் நின்றேன். கதவில் நின்றதைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டு நாளாக இங்கே மருத்துவச்சிகளைப் பற்றி உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தவள் நான். என் பிள்ளை என்றதும் கால் தானாக வாசலுக்குக் குறுக்கே போனது. அம்மாதான் (அவருக்கு 83 வயது) உள்ளேயிருந்து, "விடு, அவன் குடையாவது கொண்டுபோகட்டும்" என்றார். மழையில் நனைந்து பத்து மணிக்கு வந்தான். குடையை யாரோ ஒரு பிக்குவுக்குக் கொடுத்துவிட்டானாம்.

ஏப்ரல் 17, உயிர்த்த ஞாயிறு, இரவு

இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

மேலே ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த அன்று, பிந்தி எழும்பியதால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகவில்லை, தேவன் தன்னை நடத்திக் காத்தார், இதுதான் ஆதாரம் என்று. சகோதரி, நீங்கள் உயிரோடிருப்பதற்காக நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை, நேரத்துக்கு எழும்பிப் போனவரின் தாய்க்கு முன்னால் சொல்ல முடியுமா? அன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பு ஹோட்டல்கள் எல்லாம் சேர்த்து 250 பேருக்கு மேல் போனார்கள். சீயோனில் ஓய்வுநாள் பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற சின்னப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளும் தேவன் நடத்தித்தான் அங்கே போனார்கள். அம்மா தலை இழுத்து, சட்டைக்குப் பொத்தான் பூட்டி, கையில் காணிக்கைக் காசு கொடுத்து அனுப்பிய பிள்ளைகள். நடத்துதல் என்றால் தப்புதல் என்று நாங்கள் அர்த்தம் வைத்தால், அந்தப் பெற்றோருக்கு என்ன மிச்சம் வைக்கிறோம்?

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, எங்கும் ஆராதனை இல்லை. கர்தினால் தம்முடைய இல்லத்தில் நிறைவேற்றிய பூசை தொலைக்காட்சியில் போனது. நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர், ஆனாலும் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அதற்கு முன்னால்தான் இருந்தோம். அம்மா முழு நேரமும் எழும்பி நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

அதற்குப் பிறகு மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். நாங்கள் செத்தவீட்டில் இருக்கும்போது எங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவன் கடைக்கு நெருப்பு வைப்பதைப் பார்த்தோம். "தேவன் எங்கள் பக்கம்" என்கிற பேச்சு எனக்கு அன்றிலிருந்து கசக்கிறது.

ஏப்ரல் 18

நேற்று அந்தச் சகோதரிக்கு எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கடினமாக எழுதிவிட்டேன். அவர் நன்றி சொன்னார், அவ்வளவுதான். நான் வழக்குப் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் சகோதரி.

அதோடு இன்னொன்றும் குத்துகிறது. நான் சபையில் சொல்லிவரும் சாட்சியும் அதே சாட்சிதான். எங்கள் கதவு தட்டப்பட்டது, பக்கத்து ஒழுங்கைக் குடும்பத்தின் கதவு தட்டப்படவில்லை. அன்று தம்பி கேட்டதும் இதைத்தான்.

ஏப்ரல் 26

திருத்தம். பெரிய திருத்தம்.

அக்கா லண்டனில் இருக்கிறார். இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன். வாசித்துவிட்டு முந்தநாள் இரவு போன் எடுத்தார். "நீ எழுதினது பிழை" என்றார். ஜெபம்பண்ணினது அப்பா. அம்மா அந்த அறையில் இல்லை. அம்மாவும் அக்காவும் (அவருக்கு அப்போது பதினைந்து) பின்பக்கத்தால் அன்ரி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அன்ரி வந்து எங்களைக் கூப்பிடவில்லை. அம்மாதான் போய்த் தட்டினார்.

முதல் தரம் யாரும் திறக்கவில்லை. உள்ளே றேடியோச் சத்தம் கேட்டது, தட்டியதும் அதுவும் நின்றது. திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தால் இரண்டாம் தரம் போனார்கள், அப்போதும் இல்லை. அந்தத் தரம் திரும்பி வந்தபோது எங்கள் பின்கதவை அப்பா உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார், அம்மா வெளியே நின்று தட்டினார். நான் ஆமென்னோடு கேட்ட தட்டல் அதுதான். என் சொந்த அம்மா, வெறுங்கையோடு திரும்பி வந்து, எங்கள் கதவைத் தட்டியது. பிறகு ஒழுங்கை முனையில் முதல் வீடு பற்றியதும் மூன்றாம் தரம் போனார். அப்போதுதான் திறந்தது.

39 வருடமாக நான் அதைத் தேவதூதன் தட்டியது போலச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பொய் சொல்ல நினைத்ததில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெபம், சத்தம், மதில், ஸ்டோர் அறை என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இருந்தது. இடையில் இருந்த ஒரு மணி நேரம் எனக்குத் தெரியாது.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். "ஓம், மூன்று தரம் போனேன்" என்றார், கடைக்குப் போய்வந்ததைச் சொல்வது போல. சபையில் நான் மாற்றிச் சொல்லும்போது ஏன் திருத்தவில்லை என்றேன். "நீ சந்தோசமாய்ச் சொன்னாய்" என்றார். அப்போது கேட்டேன், முதல் இரண்டு தரம் திறக்காதபோது உங்களுக்கு என்ன தோன்றியது, தேவன் கைவிட்டார் என்று நினைத்தீர்களா? அம்மா யோசித்தார். "திறக்காத வீட்டுக்கு மூன்றாம் தரம் போக எனக்குக் கால் வந்ததே. அதை நான் எங்கேயிருந்து எடுத்தேன்?" தேத்தண்ணீர் கேட்டார். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்க இப்போது இருபது நிமிடம் எடுக்கிறது, அந்த இருபது நிமிடமும் அடுப்புக்கு முன்னாலேயே நின்றேன்.

கேள்வி கேட்ட தம்பி, ஏப்ரல் 3 அன்று உங்களுக்குத் தந்த ஆதாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கதவு திறந்ததை வைத்து இனிப் பேச மாட்டேன். திறக்காத கதவிலிருந்து மதிலைத் தாண்டித் திரும்பி வந்த அந்த ஐம்பது அடிக்குள், கையில் அக்காவைப் பிடித்துக்கொண்டு நடந்த அம்மாவோடு தேவன் இருந்தார் என்று விசுவாசிக்கிறேன். ஒரு கதவும் திறக்காமல் போனவர்களோடும் இருந்தார் என்று விசுவாசிக்கிறேன். அதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் முந்தின சாட்சியைவிட இதை அழுத்தமாகச் சொல்ல முடிகிறது.

மே 10

நேற்று நடந்தது எல்லோருக்கும் தெரியும். பிரதமரின் அலரி மாளிகைக்குக் கொண்டுவரப்பட்ட அவருடைய ஆதரவாளர்கள் வெளியே வந்து முதலில் வாசலில் இருந்த போராட்டக்காரரின் கூடாரங்களை உடைத்தார்கள், பிறகு காலிமுகத்திடலுக்குப் போனார்கள். பிரதமர் பதவி விலகினார். பின்னேரம் சனம் திருப்பி அடித்தது. பஸ்கள் பேர வாவிக்குள். நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார். நாடு முழுக்க ஊரடங்கு.

மகன் அங்கேதான் இருந்தான். போன் இல்லை. நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பதே முக்கால் வரை நான் ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். படலைக்கும் குசினிக்கும் நடந்தேன். ஒரே ஒரு வரி வாயில் ஓடிக்கொண்டிருந்தது, "ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணை". அதற்கு முன்னும் பின்னும் உள்ளது மறந்துபோயிற்று.

தண்டவாளத்தோடு நடந்தே வந்து சேர்ந்தான். செருப்பில் ஒன்று இல்லை. நெற்றியில் சின்னக் காயம். சாப்பிடவில்லை. பன்னிரண்டு மணிபோல் என் கட்டில் விளிம்பில் வந்து இருந்தான். வாவிப் பக்கம் சனம் சிலரைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கியதாம், காலையில் அடிக்க வந்தவர்கள் என்று. ஒரு வயதான மனிதர், சாரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றாராம். சுற்றி நின்றவர்கள் போன் பிடித்துச் சிரித்தார்கள். "நானும் முதலில் சிரித்தேன் அம்மா. பிறகு சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்."

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. 83-ல் எங்கள் ஒழுங்கையிலும் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இருந்தார்கள். நெருப்பு வைத்தவர்களின் முகம் எனக்கு ஞாபகமில்லை, பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு மூன்று பேரின் முகம் இன்னும் இருக்கிறது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது தூங்குகிறான்.

மே 11

"மகன் பத்திரமாக வந்ததே தேவ நடத்துதல்தான் அக்கா" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அன்பாகச் சொல்கிறீர்கள், தெரிகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. அவன் வந்து சேர்ந்ததைவிட, அந்தக் கிழவரை நினைத்து அவனுக்குத் தூக்கம் வராமல் போனதில்தான் தேவனுடைய கையைப் பார்க்கிறேன். அது அவனைத் தொந்தரவு செய்யட்டும் என்றுதான் ஜெபிக்கிறேன். தாய் இப்படி ஜெபிப்பது சரியா என்று நான் கேட்டுக்கொள்ளாமல் இல்லை.

மே 19

நேற்று மே 18. மகனோடு நானும் காலிமுகத்திடலுக்குப் போனேன். முதல் தரம். அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, வேறெதுவும் இல்லை, 2009-ல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்கால் மணலில் சனம் குடித்தது போல. கொழும்பு நடுவில், பழைய பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில், சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதை வாங்கிக் குடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை குடித்து முடித்ததும் கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சரியாகவில்லை. ஆனால் நான் பார்த்தேன்.

கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வந்த ஞாபகம் 89. நாங்கள் 86-ல் கொழும்புக்குத் திரும்பி, அதே தெஹிவளையில் வாடகைக்கு இருந்தோம். 89 கடைசியில், ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில், அன்ரியின் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பந்து அடித்துக் காவல் நின்ற அதே அண்ணா. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அந்த நாட்களில் றோட்டோரத்தில் டயரில் எரிந்துகொண்டிருக்கும் உடல்களைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அம்மா அன்ரியோடு பொலிஸ் நிலையம், ஆமி முகாம் என்று அலைந்தார். தமிழ்ப் பெண், அந்தக் காலத்தில், ஆமி முகாம் வாசலில். அப்பா பயந்து சத்தம் போட்டார். அம்மா போய்க்கொண்டேயிருந்தார், எத்தனை தரம் என்று கணக்கில்லை. அண்ணா வரவில்லை.

ஜூன் 24

பள்ளிக்கூடம் இல்லை, பெற்றோல் இல்லை. லீற்றர் 420 என்கிறார்கள், காசு இருந்தாலும் பவுசர் வந்தால்தானே. அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவாம், தோட்டம் செய்யட்டும் என்று.

அம்மா தோட்டம் செய்ய யாருக்கும் காத்திருக்கவில்லை. மதிலோரம் இரண்டு சாக்கில் மண் நிரப்பி மரவள்ளித் தடி நட்டிருக்கிறார். "கிழங்கு எடுக்க எட்டு மாதம் செல்லும்" என்றேன். "எட்டு மாதத்தால் உங்களுக்குப் பசிக்காதா?" என்றார்.

எரேமியா 32 ஞாபகம் வந்தது. எருசலேமைப் பாபிலோன் சேனை சுற்றி வளைத்திருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார், அந்த நேரத்தில் 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார். பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். முற்றுகை முடியும் முன், முடியும் என்ற அறிகுறியே இல்லாத நாளில்.

வெளிநாடு போகலாமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். கடவுச்சீட்டு அலுவலக வாசலில் சனம் இரவில் படுத்துக் கிடக்கிறது. போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், என் அக்காவும் தம்பியும் போனவர்கள்தான். எண்ணாகமம் 9-ஐ ஒருதரம் வாசியுங்கள். மேகம் எழும்பினால் புறப்பட்டார்கள். இரண்டு நாளோ, ஒரு மாதமோ, ஒரு வருடமோ, அது தங்கினால் தங்கினார்கள். நடத்துதல் என்றால் எங்கேயோ கூட்டிக்கொண்டு போவது என்றே நினைத்திருந்தேன். தங்கியிரு என்பதும் அதே மேகம்தான். எனக்கு இன்னும் எழும்பவில்லை.

ஜூலை 10

நேற்று ஜனாதிபதி மாளிகைக்குள் சனம். ரெயிலை ஓட வைத்துக் கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் வந்தார்கள். மகன் போய் வந்தான். இரவு பிரதமர் ரணிலின் சொந்த வீட்டை எரித்தார்கள், அங்கே நிறையப் புத்தகங்கள் இருந்தனவாம். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. அவர் யாழ்ப்பாணத்தில் படித்தவர். 81-ல் நூலகம் எரிந்ததை அப்பா பேப்பரில் வாசித்துக் காட்டிய நாள் அவருக்கு மறக்காது. "யாருடைய புத்தகம் எரிந்தாலும் எரிந்ததுதான்" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஜெபத்தில் அம்மா அந்த வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டார்.

ஜூலை 23

நேற்று விடியப் பார்த்து ஆமி காலிமுகத்திடலுக்குள் இறங்கியது. கூடாரங்களைப் பிடுங்கி, அடித்து. மகன் அன்று வீட்டில் இருந்தான். "தேவன்தான் தடுத்தார்" என்று யாரும் எழுத வேண்டாம், தயவுசெய்து. அவனுடைய சினேகிதன் ஒருவன் அங்கே இருந்தான்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் மத்தியகிழக்குக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தீர்கள். போன இடத்தில் சுகமாக இருங்கள். இதையும் வாசித்துவிடுங்கள்.

லைன் இப்போது குறைந்திருக்கிறது, எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்த பிறகு. மண்ணெண்ணெய் மட்டும் போன கிழமை 87-லிருந்து 340-க்குப் பாய்ந்தது. பஸ் ஓடுகிறபடியால் நேற்றுப் பிலியந்தலைக்குப் போனேன். அன்ரி அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். 87 வயது. காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. நான் உள்ளே போனதும் முதல் சொன்ன வார்த்தை "பால்திய". நான் சொல்லிக் காட்டினேன். சரியாக வந்தது. "தம்பிக்கு?" என்றார். கனடாவில் இருக்கிறான், இன்னும் வராது என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு கேட்டேன். ஏப்ரலிலிருந்து மனதில் கிடந்த கேள்வி. முதல் இரண்டு தரம் அம்மா தட்டியது உங்களுக்குக் கேட்டதா?

கேட்டதாம். முதல் தட்டலிலேயே யார் என்று தெரியுமாம். அங்கிள் றேடியோவை நிற்பாட்டிவிட்டு, கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டாராம். இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டில், இவர்களை ஏற்றினால் எங்களையும் சேர்த்து எரிப்பார்கள் என்றாராம். "நானும் சரி என்றேன்" என்றார் அன்ரி. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "மூன்றாம் தரம் நான் திறந்தேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்குச் சொல்லவேயில்லை. நான் திறக்கவில்லை, மகள். மல்லி திறந்தான்."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. வீட்டில் அண்ணாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் அங்கிளின் கதிரையைப் பிடித்து இழுத்து, நீங்கள் திறக்காவிட்டால் நான் வெளியே போய் அவர்களோடு நிற்கிறேன் என்று சொல்லித் தாழ்ப்பாளை எடுத்தானாம். பதினான்கு வயது. பிறகு பந்தை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனான்.

அன்ரியின் அலுமாரியில் அவனுடைய படம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், முன்னால் ஒரு சின்ன விளக்கு, பிச்சிப்பூ. போனில் எடுக்கலாமா என்று கேட்டேன். எடு என்றார், கண்ணாடியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். வரும்போது பலாக்காய் ஒன்றைப் பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள், கீழே வைக்காதே என்றார்.

இரவு அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கி, நான் காட்டிக்கொடுத்தபடி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகம் திரை முழுக்க வரும்வரை பெரிதாக்கி, மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். திரை அணைந்தது. "திரும்ப வரப்பண்ணு" என்று என்னிடம் நீட்டினார்.